எட்டுப் பொய்க் காய்ச்சலும் ஒரு மெய்க் காய்ச்சலும்

இயேசு மரி சூசை துணை

கொட்டாஞ்சேனை,
கொழும்பு 13.
18.07.2024

அன்புக்கும் மதிப்புக்கும் உரிய டொக்டர் மருமகள் றமீலாவுக்கு,

உங்கள் அம்மாவின் அண்ணன், மாமா கொன்ஸ்ரன்ரைன் எழுதிக்கொள்வது. எங்கள் சுகத்தை அறிவித்து உங்கள் சுகத்தை விசாரிப்பதுதான் கடிதத்துக்கு முறை. நேற்று மாலை அப்படித்தான் தொடங்கினேன். 'நாங்கள் இங்கே சுகம்' என்று எழுதியதும் கை நின்றுவிட்டது. உங்கள் ஆய்வுக் காரியாலயத்தின் பதிவேட்டில் நான் சுகமாக இருக்கும் ஆள் இல்லையே. ஜனவரி தொடக்கம் ஜூன் வரை எனக்கு ஒன்பது தரம் காய்ச்சல் வந்ததாக அல்லவா அங்கே எழுதியிருக்கிறது. பிள்ளை, உண்மை என்னவென்றால் நாங்கள் சுகம்தான். அதைச் சொல்லத்தான் இவ்வளவு பெரிய கடிதம்.

தொலைபேசியில் சொன்னால் ஆகாதா என்று கேட்பீர்கள். சொல்லிப் பார்த்தேன். திங்கட்கிழமை எடுத்தபோது, "மாமா, மீற்றிங்கில நிக்கிறன். காய்ச்சலே?" என்று கேட்டீர்கள். "இல்லைப் பிள்ளை, காய்ச்சல் இல்லை, அதுதான் பிரச்சினை" என்றேன். "அப்ப நல்லது மாமா, பிறகு எடுக்கிறன்" என்று வைத்துவிட்டீர்கள். குறை சொல்லவில்லை. நானூறு வீட்டுக் கிழடுகளின் மூக்கும் தொண்டையும் உங்கள் தலையில். செவ்வாய்க்கிழமை கோயிலுக்குப் போய்ப் பாதரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். வலைக்கு அந்தப் பக்கம் அவர் சிரித்தாரா இருமினாரா என்று எனக்குத் தெரியாது. "ஆண்டவர் மன்னிச்சிட்டார், கொன்ஸ்ரன்ரைன். ஆனா உம்மட காய்ச்சல் இருக்கிறது டொக்டரின்ர பட்டியலில. அங்க போய்ச் சொல்லும்" என்றார். ஒரு முழுச் செபமாலையும் உங்களுக்கு ஒரு கடிதமும் எனக்கு இடப்பட்ட தண்டனை. செபமாலை முடிந்தது.

முறையாக ஒப்புக்கொள்வதென்றால் தொடக்கத்திலிருந்து வரவேண்டும். கொட்டாஞ்சேனையிலும் முகத்துவாரத்திலும் மட்டக்குளியிலும் அறுபது தாண்டியவர்கள் இருக்கும் நானூறு வீடுகளை எடுத்து, சளிக்காய்ச்சல் ஊசி போட்டவர்களுக்கு எத்தனை தரம் காய்ச்சல், போடாதவர்களுக்கு எத்தனை தரம் என்று ஒரு வருடம் எண்ணிப் பார்ப்பதுதான் ஆய்வு என்று விளங்கப்படுத்தினீர்கள். எண்ணுவது என்ற சொல் காதில் விழுந்ததும் நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். துறைமுகத்தில் முப்பத்துநாலு வருடம் கப்பலிலிருந்து இறங்கிய மூட்டைகளை எண்ணி எழுதியவன் நான். பென்சனுக்குப் பிறகு எண்ண ஒன்றும் கிடைக்காமல் மூன்றாம் மாடிப் பல்கனியில் இருந்து தூரத்துக் கிரேன்களை எண்ணிக்கொண்டிருந்தேன். எனக்கும் மாமி அருள்நாயகிக்கும் ஊசி போட்டார்கள். ஒரு டிஜிற்றல் வெப்பமானி, ஒரு காய்ச்சல் அட்டை, கதவில் ஒட்ட ஒரு ஸ்ரிக்கர் தந்தார்கள். ஞாயிறு பூசை முடிந்து வந்து, காய்ச்சல் இல்லையென்றால் பூச்சியம், இருந்தால் ஒன்று என்று போனில் அனுப்பவேண்டும். பூச்சியம் அனுப்பினால் 'நன்றி' என்று ஒரு மெசேஜ் வரும். ஒன்று அனுப்பினால் மறுநாள் உங்கள் ஆய்வில் வேலை செய்யும் நஸீறா வருவாள். முழுக் கோளாறும் இந்த ஏற்பாட்டில்தான் இருக்கிறது, டொக்டர். சுகமாக இருக்கிறவன் வீட்டுக்கு ஒருவரும் வருவதில்லை.

முதல் காய்ச்சல் உண்மையானது. ஜனவரி மூன்றாம் கிழமை, 38.7. அதில் ஒரு களங்கமும் இல்லை. நஸீறாவை அன்றுதான் முதன்முதலாகக் கண்டோம். மட்டக்குளிப் பிள்ளை, முப்பத்தைந்து வயதிருக்கும், இரண்டு பிள்ளைகளின் தாய், ஒரு தோளில் பை, மறு தோளில் ஐஸ் பெட்டி. "அங்கிள், தலயக் கொஞ்சம் ஒசத்துங்க" என்று சொல்லி மூக்கில் ஒரு குச்சியை விட்டாள். அது மூக்கைத் தாண்டி, கண்ணுக்குப் பின்னால் போய், சின்ன வயதில் நான் செய்த பாவங்களையும் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தது. பிறகு படிவத்தை எடுத்தாள். இருமலா, தடிமனா, உடம்பு உளைவா என்று என்னிடம் கேட்டு முடித்துவிட்டு, பக்கத்தில் இருந்த அருள்நாயகியிடம் திரும்பினாள்.

"அன்ரி, போன ஏழு நாள்ல எத்தின பேரோட பேசினீங்க? கிட்ட நிண்டு, மொகம் பாத்து?"

வருத்தம் யாரிடமிருந்து யாருக்குத் தொற்றுகிறது என்று அறிவதற்காக நீங்கள் வைத்த கேள்வியாம். அருள்நாயகி விரல் மடக்கத் தொடங்கி, மடக்காமலே கையை மடியில் வைத்தாள்.

"ஒருத்தரோடயும் இல்லை, பிள்ளை."

"அங்கிளோட?"

"அவர் கேக்கிறவர். கண்ணாடி எங்க, மருந்து எங்க, தர்ஷன் கோல் எடுத்தவனா எண்டு. நான் கையைக் காட்டுவன். அதைக் கதையெண்டு எழுதலாமே?"

நஸீறா என்னைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த திருஇருதயப் படத்தைப் பார்த்தேன். அவள் படிவத்தில் பூச்சியம் என்று எழுதினாள்.

பூச்சியம் எழுதுவது எனக்குப் புதிதல்ல. கப்பல் வராத நாளில் எத்தனையோ பூச்சியம் எழுதியிருக்கிறேன். அந்தப் பூச்சியம் மட்டும் என் கண்ணை விட்டுப் போகவில்லை. எங்கள் மகன் தர்ஷன் 2022இல், காஸ் வரிசையிலும் பெற்றோல் வரிசையிலும் நின்று களைத்து, பெண்சாதி பிள்ளைகளோடு மெல்பேணுக்குப் போனது உங்களுக்குத் தெரியும். ஆறு பேரின் சத்தம் இருந்த வீட்டில் இரண்டு பேர் மிஞ்சினோம். சத்தம் குறைந்தது எனக்கு விளங்கியது. வயது போனால் அப்படித்தான் என்று இருந்துவிட்டேன். என் மனைவி கதைப்பதையே விட்டுவிட்டாள் என்பது ஓர் ஆய்வுப் படிவம் சொல்லித்தான் எனக்குத் தெரியவந்தது. அதை நினைக்க எனக்கு வெட்கமாக இருக்கிறது, பிள்ளை.

ஆனால் அதற்குப் பிறகு நடந்ததைக் கேளுங்கள். நாற்பது நிமிட வேலை என்று வந்த நஸீறா இரண்டரை மணித்தியாலம் இருந்தாள். அருள்நாயகி கதைத்தாள்! முதலில் மீன் விலை, பிறகு நஸீறாவின் பிள்ளைகள் எந்த வகுப்பு, பிறகு தன் சின்ன வயது. பதினேழு வயதில் வானொலியில் பாட இவளைத் தெரிவு செய்து கடிதம் வந்ததாம். தகப்பன் அந்தக் கடிதத்தை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டாராம். நாற்பத்தொரு வருடம் கலியாணம் முடித்தவன், இந்தக் கதையைக் காய்ச்சலோடு கட்டிலில் கிடந்து, ஊரார் பிள்ளைக்குச் சொல்லக் கேட்டேன். நஸீறா போனதும் வீடு பழையபடி ஆகிவிட்டது. அடுத்த ஞாயிறும் பூச்சியம் அனுப்பினேன். அதற்கடுத்த ஞாயிறும் பூச்சியம். 'நன்றி', 'நன்றி' என்று உங்கள் இயந்திரம் சொல்லியது. அருள்நாயகி சோற்றை வைத்துவிட்டு யன்னலோரம் போய் இருந்தாள். நான்காவது ஞாயிறு, பெப்ரவரி நடுப்பகுதியில், என் விரல் ஒன்றை அழுத்திவிட்டது. விரலில் பழி போடவில்லை. அது என் விரல்தான்.

காய்ச்சல் இல்லாமல் காய்ச்சல் காட்டுவது லேசான வேலை என்று நினைக்காதீர்கள். வெப்பமானி கடைசி அளவை நினைவில் வைத்திருக்கும், நஸீறா அதை அமத்திப் பார்ப்பாள் என்பது எனக்குத் தெரியும். முதலில் சோற்றுப் பானை ஆவியில் பிடித்தேன். எண்ணே வராமல் ஒரு இங்கிலீஷ் எழுத்து வந்தது. சுடுதண்ணீர்ப் போத்தலில் வைத்தேன். 41.9 காட்டியது. அந்த அளவுக்கு நஸீறா வரமாட்டாள், பாதர்தான் வருவார். மூன்று மாடியையும் மத்தியான வெயிலில் நாலு தரம் ஏறி இறங்கிக் கக்கத்தில் வைத்தேன். 37.2தான் வந்தது, ஆனால் உயிர் பாதி போய்விட்டது. கடைசியில் முழங்கால் ஒத்தடத்துக்கு என்று சொல்லி உப்பை வறுத்துத் துணியில் கட்டி, அந்தப் பொட்டலத்துக்குள் வெப்பமானியைச் செருகினேன். 38.3. அழகான, மரியாதையான காய்ச்சல். அடுத்த தரம் 38.1, அதற்கடுத்த தரம் 38.6. ஒரே எண்ணைத் திருப்பித் திருப்பி எழுதுகிறவன் துறைமுகத்தில் மூன்றாம் நாளே பிடிபடுவான். தொழில் தெரிந்தவன் கள்ளம் செய்தால் அது இன்னும் பெரிய பாவம் என்று பாதர் சொன்னார். சரிதான்.

இப்படி எட்டுத் தரம். எட்டுத் தரமும் அந்தக் குச்சி. ஒவ்வொரு தரமும் குச்சி உள்ளே போகும்போது, போதும் கொன்ஸ்ரன்ரைன், உண்மையைச் சொல்லிவிடு என்று மனம் சொல்லும். குச்சி வெளியே வந்ததும் முன்னறையில் அருள்நாயகியின் குரல் கேட்கும், நான் வாயை மூடிக்கொள்வேன். நோயாளி என்றபடியால் அறைக்குள் படுத்திருக்கவேண்டும், கதவு பாதி திறந்திருக்கும். மார்ச் காய்ச்சலில் அவளுக்குப் பலாப்பழம் பிடிக்காது என்று அறிந்தேன். வருடா வருடம் தூக்கமுடியாத பலாப்பழத்தை மூன்று மாடி தூக்கிக்கொண்டு வந்தவன் நான். ஏப்ரல் காய்ச்சலில், தர்ஷன் போன அன்று விமான நிலையத்தில் அவள் அழாததற்குக் காரணம், தான் அழுதால் நான் விழுந்துவிடுவேன் என்ற பயம்தான் என்று அறிந்தேன். அன்று போர்வையை முகத்தில் போட்டுக்கொண்டேன். நஸீறா உள்ளே எட்டிப் பார்த்து, "அங்கிளுக்குக் கண்ணும் செவந்திரிக்கி" என்று அதையும் எழுதிக்கொண்டாள். ஒரு தரம் நாக்கில் ருசி தெரியவில்லை என்று ஆர்வத்தில் சொல்லிவிட்டு, அரை மணித்தியாலத்தில் அவள் முன்னாலேயே மூன்று இறால் வடை சாப்பிட்டு, உப்புக் கொஞ்சம் கூட என்றும் சொன்னேன். அந்தப் பிள்ளை மாஸ்கைச் சரிசெய்துகொண்டு யன்னல் பக்கம் திரும்பி நின்றாள். ஒவ்வொரு தரமும், "ரிசல்ட்ல ஒண்டும் இல்ல, அங்கிள்" என்று மட்டும் வந்து சொல்வாள்.

ஒன்றும் இல்லை என்பதுதான் எங்கள் ஒழுங்கையை, அந்தக் குறுக்குத் தெரு முழுவதையும், கலக்கியது. கிருமி அகப்படாத காய்ச்சலுக்கு ஊரில் மரியாதை அதிகம். கீழ்த்தளத்தில் கடை வைத்திருக்கும் றவூப் நானாவை உங்களுக்கு நினைவிருக்கும். நாங்கள் மேலிருந்து கயிற்றில் கூடையை இறக்குவோம், அவர் பாணும் பருப்பும் வைத்து அனுப்புவார். நாலாவது காய்ச்சலுக்குப் பிறகு அவர் எங்கள் பாணை மட்டும் இடுக்கியால் பிடித்துத் தூர நின்று கூடைக்குள் போடத் தொடங்கினார். எதிர்வீட்டில் வேப்பிலை கட்டினார்கள். யாரோ மாநகரசபைக்கு அறிவிக்க, சுகாதாரப் பரிசோதகர் டெங்கு என்று சந்தேகப்பட்டு ரோர்ச்சோடு வந்துவிட்டார். சந்தோஷமாக உள்ளே விட்டேன். ஆய்வில் இருக்கும் வீடு, கதவில் ஸ்ரிக்கர் ஒட்டிய வீடு, இங்கே என்ன அகப்படப்போகிறது? அவர் நேரே குசினிக்குப் போய் பிரிஜ்ஜின் பின்னால் குனிந்து, தண்ணீர் வடியும் தட்டை வெளியே இழுத்து, "அங்கிள், மே பலன்ன", இதைப் பாருங்கள் என்று சிங்களத்தில் சொல்லிக் காட்டினார். பார்த்தேன். நுளம்புக் குஞ்சுகள் ஒரு பாடசாலை நடத்திக்கொண்டிருந்தன. எனக்குத் தெரிந்த சிங்களத்தில் மன்னிப்புக் கேட்டேன். எழுத்தில் ஓர் எச்சரிக்கை தந்துவிட்டுப் போனார். இத்தனைக்கும் நுளம்பு எங்கள் இரண்டு பேரையும் கடித்துக்கூட ஒன்றும் வரவில்லை, அவ்வளவு சுகமாக இருந்தோம்.

இதுவரை சிரிக்கலாம், பிள்ளை. இதற்குப் பிறகு என்னால் சிரிக்க முடியவில்லை.

மே மாதம் கோயில் மண்டபத்தில் உங்கள் ஆட்கள் ஊசி முகாம் வைத்தார்கள். றவூப் நானாவின் பெண்சாதி பைறோஸாவுக்கு மூச்சு இழுக்கிற முட்டு வருத்தம் இருக்கிறது, அவ கட்டாயம் போடவேண்டும் என்று நஸீறாவே இறங்கிப்போய்ச் சொன்னாள். நான் பல்கனியில் நின்றேன். கணக்கு எழுதியவன் என்று ஒழுங்கையில் எல்லோருக்கும் நான் மாஸ்டர். றவூப் நானா மேலே என்னைக் கையால் காட்டி, "மாஸ்டரப் பாருங்க. ஊசி போட்ட மனிசன். ஆறு தரம் காய்ச்சல் வந்திரிக்கி. ஊசி போடாத எனக்கு ஒரு தும்மலும் இல்ல. எங்கட ஆளுக்கு என்னத்துக்கு?" என்று கேட்டார். ஒழுங்கை முழுக்கக் கேட்டது. ஒரு சொல் சொல்லியிருக்கலாம். 'றவூப் நானா, அது உப்பு' என்று சொன்னால் போதும். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். அன்று மண்டபத்துக்குப் போக வெளிக்கிட்டவர்களில் நாலு பேர் திரும்பிப் போனதை யன்னலால் எண்ணினேன். எண்ணாமல் இருக்க எனக்குத் தெரியாது.

ஜூன் கடைசியில் பைறோஸாவுக்குக் காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் மூச்சு இழுக்கத் தொடங்கி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஒட்சிசன் வைத்தார்கள். சளிக்காய்ச்சல்தான், நீங்கள் ஊசி போடுகிற அதே காய்ச்சல். ஆறு நாள் கிடந்தா. அருள்நாயகி ஒவ்வொரு நாளும் கஞ்சி வைத்துக்கொண்டு போனாள். நான் கடைக்குப் போனேன். ஷட்டர் பாதி இறக்கியிருந்தது. றவூப் நானா உள்ளே முக்காலியில் இருந்தார். என்னைக் கண்டதும் எழும்பி, இடுக்கியை எல்லாம் மறந்து, என் இரண்டு கையையும் பிடித்தார். "மாஸ்டர், ஊசி போட்டிருந்தாலும் இது வந்திரிக்கும் தானே? ஒங்களுக்கு வந்தது தானே? நான் தடுத்ததால இல்ல தானே?" என்று கேட்டார்.

அவருடைய ஆறுதல் என் பொய்யில் நின்றது. நான் தலையை ஆட்டினேன். ஓம் என்றும் இல்லை என்றும் இல்லாத ஓர் ஆட்டல். அதைவிடக் கேவலமான ஒரு காரியத்தை என் எழுபத்திரண்டு வருடத்தில் நான் செய்ததில்லை. பைறோஸா பிழைத்து வந்துவிட்டா, கடவுளுக்குத் தோத்திரம். போன கிழமை கடை வாசலில் இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தா. மெலிந்துபோன கையை ஆட்டி, "மாஸ்டர், இப்ப காய்ச்சல் எப்பிடி?" என்று என்னைச் சுகம் விசாரித்தா.

ஆகவே டொக்டர் அவர்களே, இத்துடன் என் உண்மை அட்டையை வைத்திருக்கிறேன். பொய் எழுதினாலும் பழக்கதோஷத்தால் மெய்யை வேறாக எழுதி வைத்திருந்தேன். 72 வயது, ஊசி போட்டவர், ஆறு மாதத்தில் காய்ச்சல் ஒரு தரம். மற்ற எட்டையும் வெட்டிவிடுங்கள். என் எட்டால் அந்த ஊசிக்குக் கெட்ட பெயர் வந்திருந்தால், நாட்டில் எத்தனை பைறோஸாக்களுக்கு அது போய்ச் சேராமல் விடுமோ என்று நினைக்க நெஞ்சு பதறுகிறது. ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் வாசலில் நின்று ஒழுங்கைச் சனத்துக்கு நானே சொல்வேன். றவூப் நானாவிடம் அதற்கு முன்பே சொல்வேன். அவர் என் பாணை எதால் பிடித்தாலும் எனக்குச் சம்மதம்.

எங்கள் வீட்டை ஆய்விலிருந்து எடுத்துவிடுவீர்கள், அதுதான் நியாயம். நஸீறா வரமாட்டாள், அதுவும் எனக்குத் தெரியும். அருள்நாயகிக்கு இது ஒன்றும் தெரியாது. தன்னை ஓர் ஆள் தேடி வந்து, மினக்கெட்டு இருந்து கேட்கிறது என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். அது என் உப்புப் பொட்டலத்தின் வேலை என்று எந்த வாயால் சொல்வேன்? பழையபடி யன்னலோரம் போய் இருந்துவிடுவாள் என்ற பயம்தான் இந்தக் கடிதத்தை மூன்று கிழமை பிந்த வைத்தது. அவளை இழந்துபோகாமல் இருக்கத்தான் செய்தேன், பிள்ளை. அதைத் தவிர எனக்குச் சொல்ல நியாயம் இல்லை.

உங்கள் கையாலான நல்ல காரியங்கள் எல்லாம் பலிக்கவும், நீங்கள் எண்ணும் எண்ணிக்கை எல்லாம் நேராக வரவும், வீட்டில் ஒருவருக்கும் ஒரு தடிமனும் அண்டாமல் இருக்கவும் வேளாங்கண்ணி மாதாவை மன்றாடுகிறேன். அம்மாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

வெட்கத்துடன்,
மாமா செ. கொன்ஸ்ரன்ரைன்
(வீட்டு இலக்கம் 217, காய்ச்சல் இல்லை)

பி.கு.: இது அருள்நாயகி மாமி எழுதுவது.

பிள்ளை, இந்த வீட்டில் கடித உறை ஒட்டுவது என் வேலை. மாமா ஒட்டினால் பசை அவர் கண்ணாடியிலும் இருக்கும். ஒட்டுவதற்கு முன் வாசித்தேன். நாற்பத்தொரு வருடமாக அவருடைய எல்லாக் கடிதத்தையும் அப்படித்தான் வாசிக்கிறேன்.

இதில் உமக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை. பெப்ரவரியில் நஸீறா இரண்டாம் முறை வந்தபோதே அவளைக் குசினிக்குள் கூட்டிப்போய் உப்புப் போத்தலைக் காட்டினேன். முழங்காலுக்கு ஒத்தடம் பிடிக்கிற மனுசன் முழங்காலில் துணியை வைக்கவில்லையே. அவள் அன்றைக்கே உம்மிடம் சொன்னதும், நீர் எங்கள் வீட்டை ஆய்விலிருந்து எடுத்துவிட்டு, மாமாவுக்குச் சொல்லவேண்டாம், மனம் உடைந்துபோவார் என்று சொன்னதும் எனக்குத் தெரியும். அவர் எழுதியிருக்கிற மாதிரி நாட்டின் எண்ணிக்கை ஒன்றும் அவரால் பிழையாகப் போகவில்லை. அதை அறிந்தால் கொஞ்சம் கவலைப்படுவார்.

அதற்குப் பிறகு நஸீறா வந்தது எல்லாம் வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில், தன் விருப்பத்தில். வீட்டுக்குப் போனால் மாமியார், பிள்ளைகள், அடுப்பு. இடையில் இருந்து கதைக்க அவளுக்கும் ஓர் இடம் வேண்டுமாம். மூக்கில் விட்டது காது துடைக்கிற பஞ்சுக்குச்சி. "பாவம் அன்ரி, வேணாம்" என்றுதான் அவள் சொன்னாள். பொய்க்கு ஒரு தண்டனை இருக்கட்டும் என்று நான்தான் மூக்கில் விடச் சொன்னேன். மூக்கு வாசலோடு நின்றுவிடும், ஜனவரியில் போன மாதிரிக் கண்ணுக்குப் பின்னால் எல்லாம் போகவில்லை.

பைறோஸாவின் காரியத்திலும் அவர் தன்னைப் போட்டு வருத்தவேண்டியதில்லை. வார்ட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு அவவே சொன்னா. "அக்கா, ஊசியெண்டா எனக்குச் சின்னதிலேந்தே பயம். மாஸ்டர்ட காய்ச்சல் நல்ல சாட்டாப் போச்சு." வீட்டுக்கு வந்ததும் றவூப் நானாவிடமும் சொல்லிவிட்டா. அடுத்த முகாமுக்கு நான் பக்கத்தில் நின்றால் போடுவாவாம். முகாம் அன்று உண்மை தெரிந்தும் இவரைக் காட்டிக்கொடுக்க மனம் வராமல் நின்ற பிழை எனக்கும் நஸீறாவுக்கும் உண்டு. ஆனாலும் மாமா கோயில் வாசலில் நின்று சொல்லட்டும். திரும்பிப்போன நாலு பேருக்காக அது நல்லதுதான்.

ஒன்றை மட்டும் அவர் பிழையாக எழுதியிருக்கிறார். நான் கதைப்பதை விட்டுவிட்டேனாம். தர்ஷனை ஏற்றிவிட்டு வந்த அன்று, சப்பாத்தையும் கழற்றாமல் பல்கனிக்குப் போனவர் இவர். பிறகு நான் எது சொன்னாலும் திரும்பிப் பார்க்கவில்லை. முதலில் நிறுத்தியது யார் என்று இரண்டு பேருக்கும் தெரியாது. நஸீறா வருகிற நாளில் இவர் சவரம் செய்வார், வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு நோயாளியாகப் படுப்பார், கதவைப் பாதி திறந்து வைப்பார். நான் கதைத்தது எல்லாம் அந்தக் கதவுக்குத்தான். நஸீறாவுக்கு என் வானொலிக் கதை எதற்கு? பலாப்பழம் எனக்குப் பிடிக்கும், பிள்ளை. இவர் காது கொடுக்கிறாரா என்று பார்க்கத்தான் பிடிக்காது என்றேன். அடுத்த நாளே மாம்பழம் வந்தது.

அவருக்குக் காரியாலயத் தாளில், முத்திரை குத்தி, மன்னித்தோம் என்று ஒரு பதில் எழுதும். நஸீறாவைக் குச்சி இல்லாமல் வரச் சொல்லும்.

முன்னறையிலிருந்து கூப்பிடுகிறார். "அருள், அங்க என்ன செய்யிறாய்? வந்து இதில இரன். உனக்கொரு கதை சொல்லவேணும்." இரண்டு தரம் தொண்டையைச் செருமிவிட்டார். இதில் எழுதியதைத்தான் சொல்லப்போகிறார் போல. நான் போய், ஒன்றும் தெரியாதவள் மாதிரிப் பக்கத்தில் இருந்து, முழுக்கக் கேட்கவேண்டும்.